பதினேழாம் கேள்வியும் என் வலது காதும்

நான் தண்ணீர்த் துறையில் கசிவு கேட்பவன். அப்படி ஒரு வேலை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெருவுக்கு அடியில் எங்கேயோ குழாய் உடைந்திருக்கும், மேலே பொட்டு ஈரம் தெரியாது. நான் போய் ஓர் இரும்புக் கம்பியின் நுனியைத் தரையில் ஊன்றி, மேல் நுனியில் இருக்கும் மரக் கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்பேன். நல்ல குழாய் சும்மா இருக்கும். ஓட்டைக் குழாய் சீறும். இணைப்பு விட்டிருந்தால் கரகரக்கும். கேட்டுவிட்டு "இங்க தோண்டு" என்று காலால் கோடு போடுவேன். இருபத்தொரு வருடத்தில் அந்தக் கோட்டைவிட்டு ஒரு முழம் தள்ளித் தண்ணீர் வந்தது கிடையாது. துறையில் எனக்குக் கம்பிக்காரன் என்று பெயர்.

இத்தனைக்கும் வலது காதுதான். இடது காது வீட்டுக்கு, வலது காது வேலைக்கு என்று நானே சொல்லிச் சிரிப்பதுண்டு. இடது காதும் கேட்கும், ஆனால் அதற்குப் படிப்பு கிடையாது. குழாய்ச் சத்தமும் லாரிச் சத்தமும் அதற்கு ஒன்றுதான்.

அந்த வலது காதில் சீழ் வைத்தது. முதலில் அரிப்பு, பிறகு குத்தல், பிறகு தலையணை உறையில் மஞ்சளாக ஒரு வட்டம். நாற்றம் எனக்கே குமட்டியது.

"கட்டிலுக்கு அடியில எலி ஏதாவது செத்துக் கிடக்கான்னு காலையில இருந்து தேடுறேன்," என்றாள் என் மனைவி. "கடைசியில பாத்தா உங்க காது! ஏங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க."

போனேன். துறை மருத்துவமனையில் டாக்டர் கையில் டார்ச் வைத்திருந்தார். ஆனால் அதை எரியவிடவில்லை.

"சீட்டு?" என்றார்.

"எந்தச் சீட்டு டாக்டர்?"

"நலவாழ்வு அளவீட்டு நிறுவனத்துச் சீட்டு. இந்த வருஷத்துல இருந்து அது இல்லாம நான் யாரையும் தொடக்கூடாது."

"காதுல இருந்து ஒழுகுது டாக்டர். நீங்களே பாக்குறீங்க."

"நான் பாக்குறதுல என்ன இருக்கு? நீங்க எப்படி உணர்றீங்கன்னு அவங்க அளந்து எழுதித் தரணும்." மூக்கைச் சுளித்துக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சீக்கிரம் வாங்கிட்டு வாங்க. மருந்து போட்டா ஒரு வாரத்துல சரியாயிடும். இன்னும் பத்து நாள் விட்டீங்கன்னா செவிப்பறை போயிடும், அப்புறம் என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான். பூசாரியைத் தேடிப் போனேன்.

நலவாழ்வு அளவீட்டு நிறுவனம் ஐந்து மாடிக் கட்டடம். அதற்குப் பூமிக்கடியில் பெரிய குழாய் பதித்தபோது நானும் கூட நின்றிருக்கிறேன். வாசல் கண்ணாடிக் கதவில் 'உங்கள் பதிலே எங்கள் உண்மை' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. மூன்றாம் மாடியில் என்னை ஓர் அம்மாளின் எதிரே உட்காரவைத்தார்கள். கழுத்து அட்டையில் 'முதல்நிலைக் கேள்வியாளர்' என்று இருந்தது. கேள்விக்காரம்மா என்று சொன்னால் போதும்.

"வாங்க. உங்க நலம் எங்களுக்கு மிகவும் முக்கியம்," என்று ஒரு தாளைப் பார்த்துப் படித்தார்.

"அம்மா, காதுல சீழ். ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா டாக்டர்கிட்ட ஓடிடுவேன்." தலையைத் திருப்பிக் காதைக் காட்டினேன்.

பட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். "காட்டாதீங்க! நான் பாக்கக்கூடாது. பார்த்தா என் மனசு மாறிடும். நீங்களா சொல்றதுதான் எங்களுக்கு ஆதாரம்."

"நானாத்தானேம்மா சொல்றேன். சீழ் வடியுது."

"வாயால சொல்லக்கூடாது. தாள்ல சொல்லணும்."

தாளைக் கொடுத்தார். நாற்பத்திரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். நான்காம் கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் மலையேறும்போது உற்சாகமாக இருந்தீர்களா என்று கேட்டது.

"இங்க மலையே இல்லையேம்மா."

"இருந்தா எப்படி இருந்திருப்பீங்கன்னு நினைச்சுப் போடுங்க."

சில சமயம் என்று போட்டேன். ஒன்பதாவது கேள்வி, நீங்கள் நிம்மதியாக இருப்பதை எண்ணி நிம்மதி அடைகிறீர்களா என்றது. அதை மூன்று தடவை படித்ததில் இருந்த நிம்மதியும் போயிற்று. ஒருவழியாகப் பதினேழாம் கேள்வி வந்தது: 'காதில் ஏற்படும் வலி, ஒழுக்கு முதலிய தொந்தரவுகள் இப்போது உங்கள் அன்றாட வாழ்வைப் பாதிக்கின்றனவா?' அப்பாடா என்றிருந்தது. ஆயிரம் பேர் நடுவில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி. 'எப்போதும்' என்ற கட்டத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டேன்.

குனிந்து எழுதியதில் காதிலிருந்து ஒரு சொட்டு இருபத்துமூன்றாம் கேள்வியின் மேல் விழுந்தது. கேள்விக்காரம்மா "ஐயோ, தாள்!" என்று கத்திவிட்டார். மேசை இழுப்பறையிலிருந்து பஞ்சு எடுத்தார். எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் தாளை ஒற்றி எடுத்தார், அதன்மேல் 'ஈரம்' என்று முத்திரை குத்தினார், புதுத்தாள் கொடுத்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். என் காதுக்குக் கிடைக்காத பஞ்சு ஒரு காகிதத்துக்குக் கிடைத்தது.

எல்லாம் முடித்துச் சீட்டுக்குக் கையை நீட்டினேன்.

"இது சிகிச்சைக்கு இல்லீங்க. சோதனைக்கு," என்றார்.

"என்னை எங்க சோதிச்சீங்க? காதைப் பாக்கவே மாட்டேன்னுட்டீங்களே."

"உங்களை இல்ல. தாளைத்தான் சோதிக்கிறோம். புதுக் கேள்வித்தாள், இது நம்பகமானதான்னு பாக்கணும்."

"அதுக்கு என்னம்மா வியாதி?"

அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் கழித்து இதே தாளில் இதே கேள்விகளுக்கு நான் மறுபடி பதில் போட வேண்டுமாம். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால் தாள் நம்பகமானது. வேறு வேறு பதில் வந்தால் தாள் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படிக் கெடாமல் இருக்க, இடையில் இருக்கும் இரண்டு வாரமும் நான் அப்படியே இருக்க வேண்டும்.

"அப்படியேன்னா?"

"அப்படியேதான்." என் மருத்துவ அட்டையை வாங்கி, சிவப்பு மையில் 'நிலைத்தன்மைக் காலம். சிகிச்சை கூடாது' என்று முத்திரை குத்தினார். பிறகு பச்சை நிறத்தில் ஒரு வில்லையை என் சட்டையில் குத்திவிட்டார். அதில் 'நலமுள்ளவர்' என்று இருந்தது.

"நானா?"

"போன வருஷம் மருத்துவ விடுப்பு எடுக்காதவங்க எல்லாரும் நலமுள்ளவர் குழு. எடுத்தவங்க நோயாளர் குழு. ரெண்டு குழுவையும் தாள் சரியாப் பிரிச்சுச் சொல்லுதான்னு பாக்கணும் இல்லையா?"

பக்கத்து நாற்காலியில் சிவப்பு வில்லையோடு ஓர் ஆள் உட்கார்ந்து முறுக்கிய மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். குத்துக்கல் மாதிரி இருந்தான். மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போக வயிற்றுப்போக்கு என்று நாலு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தவனாம். "எனக்கு என்ன வியாதின்னு யாராவது கேட்டா என்னண்ணே சொல்றது?" என்று என்னிடமே யோசனை கேட்டான்.

நேராக ஐந்தாம் மாடிக்கு, இயக்குநர் அறைக்கு ஏறினேன். பெரிய மனிதர், என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு தராசு சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?" என்றார். "ஒரே கல்லை ரெண்டு தடவை வைப்பீங்க. நடுவுல அந்தக் கல்லு இளைச்சுட்டா? தராசைத்தானே சந்தேகப்படுவோம். பாவம் இல்லையா, தராசு?"

"நான் கல்லு இல்ல சார்."

"ஆய்வு முடியுற வரைக்கும் கல்லா இருங்க, அவ்வளவுதான் கேக்குறேன். நான் முப்பது வருஷமா மக்களோட நலத்தை அளக்குறேன். ஒரு உண்மை சொல்லட்டுமா? அளக்குறதுக்கு ஒரே இடைஞ்சல் மக்கள்தான். ஒண்ணு குணமாயிடுறாங்க, இல்ல செத்துப் போயிடுறாங்க. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறாங்க." சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். உண்மையாகவே வருத்தம்தான்.

"எனக்கு இந்த ஆய்வே வேணாம் சார். விட்டுடுங்க."

"தாராளமா விலகலாம். இது முழுக்க முழுக்க உங்க விருப்பம். விலகினா அடுத்த வருஷப் பட்டியல்ல சேப்போம். அதுவரைக்கும் சீட்டு கிடையாது."

"வெளி டாக்டர்கிட்ட போயிக்கிறேன்."

"போகலாம். குணமாகி வந்து பதிலை மாத்திப் போட்டீங்கன்னா உங்களை நம்பகமற்றவர்னு எழுதி உங்க துறைக்கு அனுப்பணும், விதி. சொந்தக் காதைப் பத்தியே மாத்தி மாத்திச் சொல்றவர் குழாயைப் பத்திச் சொன்னா எப்படி நம்புறதுன்னு அவங்க கேப்பாங்க. அப்புறம் கம்பியை வாங்கிட்டு மண்வெட்டியைக் குடுப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பிறகு ஒரு தாளை நீட்டினார். 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் கலந்துகொள்கிறேன்' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன். போட்டது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

வீட்டில் அட்டையின் முத்திரையைப் பார்த்துவிட்டு என் மனைவி அதைத் தரையில் விட்டெறிந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா, இல்ல அதுவும் காது வழியா ஒழுகிடுச்சா? வெளில ஒரு டாக்டரைப் பாருங்க, வாங்க போவோம்."

"வேலை போயிடும்டி."

"காது போனா மட்டும் அந்த வேலை இருக்குமா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் போகவில்லை. அந்த நிறுவனத்தின்மேல் எனக்கிருக்கும் அருவருப்பில் ஒரு பங்கு என்மேலும் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் நாள் கேள்விக்காரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அப்படியே இருக்கிறேனா என்று பார்க்கும் 'நிலைத்தன்மை வருகை'யாம். அந்த நேரம் பார்த்து என் மனைவி வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து என் காதோரம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்றீங்க? அது சிகிச்சை!" என்று வாசலிலேயே நின்று கத்தினார்.

"இது வெறும் துணி," என்றாள் என் மனைவி.

"சூடா இருக்குல்ல? ஆறவிடுங்க." கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "இவருக்கு இப்ப எப்படி இருக்கு? கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? எது நடந்திருந்தாலும் எங்களுக்குச் சிக்கல்."

"இப்ப மூக்கை எதுக்கு மூடியிருக்கீங்க?"

"அது... வாடை."

"அப்ப வாடை வருதுன்னு எழுதிக்குங்களேன்."

"வாடையைப் பத்தித் தாள்ல கேள்வி இல்லம்மா."

என் மனைவி துணியை வாளியில் எறிந்தாள், தண்ணீர் அந்த அம்மாளின் செருப்பில் தெறித்தது. "சீ! நீங்களும் உங்க தாளும்! ஒரு மனுசன் அழுகிட்டு இருக்கான், மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து கூடவா குறைவான்னு கணக்கு கேக்க வந்துட்டீங்க. உங்க வீட்டு ஆளுக்கு இப்படி இருந்தா பாத்துட்டு நிப்பீங்களா?"

கேள்விக்காரம்மா ஒரு நொடி தலை குனிந்தார். "எங்க வீட்டுக்காரர் இதே ஆய்வுலதான் இருக்காரு," என்றார் மெதுவாக. "சிவப்பு வில்லை. மூட்டு வலி." பிறகு நிமிர்ந்து, கணவருக்கு ஒத்தடம் கூடாது என்று ஒரு தாளில் எழுதி என் மனைவியிடம் கையெழுத்துக் கேட்டார். அவள் போடவில்லை. 'துணைவியார் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் ஒரு முச்சந்தியில் கேட்டுச் சொல்லக் கூப்பிட்டார்கள். கம்பியை வைத்தேன். காதுக்குள்ளே ஒரே இரைச்சல். சீறுவது குழாயா சீழா என்று பிரிக்க முடியவில்லை. குத்துமதிப்பாகக் கோடு போட்டேன். தோண்டினார்கள், காய்ந்த மண். தள்ளிப் போட்டேன். மறுபடியும் காய்ந்த மண். மூன்றாவது குழியையும் எட்டிப் பார்த்துவிட்டு மேஸ்திரி என் பக்கம் வந்தார்.

"என்னய்யா இது, தெருவைச் சல்லடையாக்கிட்ட? உனக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். அவர் என் பச்சை வில்லையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "நலமுள்ளவர்னு போட்டிருக்கே," என்றார்.

பதினோராம் நாள் காலையில் எழுந்தபோது வலி இல்லை. சுத்தமாக இல்லை. தலையணையெல்லாம் நனைந்து கிடந்தது, உறையைச் சுருட்டி எறிந்தேன். அவ்வளவு நாளுக்குப் பிறகு வயிறார இரண்டு தட்டு சாப்பிட்டேன். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்குத் தெரியாமல் ஏதாவது வேண்டுமென்றால் வந்து என் வலது காதைக் கையால் மூடி ரகசியம் சொல்லுவாள். அன்றைக்கும் வந்தாள். அவள் மூச்சு சூடாகக் காதில் பட்டது. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "சரியாப்பா?" என்றாள்.

"எதுக்கும்மா சரியான்னு கேக்குறே?"

"இப்பத்தானே சொன்னேன்!"

மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் மூச்சு மட்டும்தான் வந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அது என்ன ரகசியம் என்று இன்றுவரை சொல்லவில்லை. நான் கம்பியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், திறந்துவிட்ட எங்கள் வீட்டுக் குழாயிலேயே வைத்துக் கேட்டேன். ஊமைக் குழாய். உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தாறு வயது ஆம்பளை, குழாயடியில் உட்கார்ந்து அழுதேன்.

பதினான்காம் நாள் மறுபடி மூன்றாம் மாடி. அதே நாற்காலி, அதே தாள், இல்லாத அதே மலை. பதினேழாம் கேள்விக்கு வந்தேன். வலி, ஒழுக்கு முதலிய தொந்தரவுகள்? வலி இல்லை. ஒழுக்கு நின்றுவிட்டது. கேட்கவில்லை என்பதைச் சொல்ல அதில் இடம் இல்லை. போக வேண்டியது போய்விட்டது, இனி என்ன பயம் என்று உள்ளதை உள்ளபடி 'ஒருபோதும் இல்லை' என்று போட்டேன்.

கேள்விக்காரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"குணமாயிட்டீங்களா?" என்றார், ஏதோ நான் திருடிவிட்ட மாதிரி.

"இல்லம்மா. அந்தக் காது செவிடாயிடுச்சு."

"அதைத் தாள்ல கேக்கலையே!"

புள்ளிவிவரக்காரரை அழைத்து வந்தார்கள். ஒல்லியான மனிதர், நான் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. ஆயிரத்து இருநூறு பேரில் எந்தக் கேள்வியும் இவ்வளவு ஆடவில்லை என்றார். எப்போதும் என்பதிலிருந்து ஒருபோதும் இல்லை வரைக்கும், ஒரு முனையிலிருந்து மறுமுனை! அதோடு பதினேழாம் கேள்வி மற்ற கேள்விகளோடு ஒத்தே போகவில்லையாம். மற்றவற்றில் நான் நலமாக இருக்கிறேன், இதில் மட்டும் கெட்டுப் போயிருக்கிறேன். குடும்பத்தோடு ஒட்டாத மருமகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசினார். பிறகு கணினியில் எதையோ தட்டினார்.

"பதினேழை எடுத்துட்டா நம்பகத்தன்மை எழுபத்தெட்டுல இருந்து எண்பத்தொண்ணுக்கு ஏறிடுது."

"எடுத்துடுங்க. கேள்வியே இல்லன்னா இவர் பதிலை மாத்தினதும் இல்ல," என்றார் வாசலில் நின்ற இயக்குநர்.

அவ்வளவுதான். என் காதை எடுத்துவிட்டார்கள்.

எண்பதைத் தாண்டினால் கொண்டாட்டமாம். டீயும் பிஸ்கட்டும் வந்தன. இயக்குநர் ஒரு நாற்காலிமேல் ஏறாத குறையாக நின்று பேசினார். "நண்பர்களே, இன்னைக்கு ஒரு பெரிய நாள். இனிமே இந்தத் தாளைத் தூக்கிட்டு எங்க வேணும்னாலும் போகலாம். எந்த நோயாளியும் இதை ஆட்ட முடியாது. மக்கள் நலமா இருக்காங்களான்னு கேட்டா, இருக்காங்கன்னு உறுதியாச் சொல்லும். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்லும். இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?" எல்லாரும் கைதட்டினார்கள். அந்த மச்சினிச்சி கல்யாணக்காரன் இரண்டு பிஸ்கட் கூடுதலாக எடுத்துக்கொண்டான். எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்: நலக் குறியீடு தொண்ணூற்றொன்று. கூடவே சீட்டும்.

சீட்டோடு டாக்டரிடம் ஓடினேன். இந்தத் தடவை டார்ச் எரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"செவிப்பறை போச்சு, உள்ளயும் அரிச்சிருக்கு. இனி ஒண்ணும் செய்றதுக்கில்ல," என்றார். "ஒரு பதினஞ்சு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"வந்தேன் டாக்டர். உங்ககிட்டத்தான் வந்தேன்."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மேஸ்திரியிடம் போய், என்னைக் கசிவு கேட்கிற வேலையிலிருந்து மாற்றிவிடச் சொன்னேன். மண்வெட்டியே கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொண்ணூத்தொண்ணு எடுத்திருக்கய்யா. எனக்கே எழுபத்துநாலுதான். இதை வச்சிக்கிட்டு நீ செவிடுன்னு நான் எப்படி மேல எழுதுவேன்? என்னைப் பைத்தியம்னுவாங்க." எந்த வேலை போய்விடும் என்று பயந்து காதைக் கொடுத்தேனோ, அந்த வேலை இப்போது என்னை விடமாட்டேன் என்றது.

மூன்று மாதம் இப்படி ஓடியது. குழி வெட்டுகிறவர்கள் நான் கோடு போட்டால் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் மதியம் மேஸ்திரி கூப்பிட்டார். நலவாழ்வு அளவீட்டு நிறுவனத்தின் அடித்தளத்தில் ஈரம் காண்கிறதாம். குழாய்க் கசிவுதான் என்று கசிவு கேட்பவர் எழுதிக் கொடுத்தால்தான் துறை ஆளனுப்பித் தோண்டும். விதி. துறையில் கசிவு கேட்பவன் நான் ஒருத்தன்தான்.

போனேன். அடித்தளத்தில்தான் அவர்களுடைய ஆவண அறை. தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள், ஆயிரத்து இருநூறு பேர் இரண்டு தடவை டிக் போட்ட தாள்கள் கட்டுக் கட்டாக. கீழ்த்தட்டுக் கட்டுகள் ஊறி, கஞ்சியில் போட்ட துணிபோல உப்பியிருந்தன. ஒரு மாதிரி புளித்த நாற்றம். இயக்குநர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். கேள்விக்காரம்மா கட்டுகளை ஒவ்வொன்றாக மேல்தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, கம்பிக்காரரே! சீக்கிரம் கேட்டு எழுதிக் குடுங்க. இன்னைக்கே தோண்டணும். இதெல்லாம் முப்பது வருஷ உழைப்பு."

நான் சுவரோரம் கம்பியை ஊன்றினேன். கம்பியைப் பிடித்த கையில் ஓர் அதிர்வு ஏறியது, நன்றாகத் தெரிந்தது. பெரிய குழாய், இணைப்பு விட்டிருக்கிறது. ஆனால் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மரக் கிண்ணத்தில் என் வலது காதை, இருபத்தொரு வருடம் வைத்த அதே காதை வைத்தேன். நிதானமாக, ஒரு நிமிடம் முழுக்க வைத்திருந்தேன்.

"ஒண்ணும் கேக்கல சார்," என்றேன். பொய் இல்லை.

"என்னய்யா சொல்றீங்க? தண்ணிதான் கண்ணுக்கு முன்னாடி தெரியுதே! குனிஞ்சு பாருங்க!"

"நான் பாக்கக்கூடாது சார். பார்த்தா என் மனசு மாறிடும்."

கட்டு மாற்றிக்கொண்டிருந்த கேள்விக்காரம்மாவின் கை அப்படியே நின்றது. இயக்குநருக்கு இன்னும் புரியவில்லை. "என் கால் நனையுது!" என்று கத்தினார்.

"அப்படிச் சொல்லுங்க. உங்க பதில்தான் ஆதாரம்." பையிலிருந்து என் பதிவேட்டை எடுத்து, ஐந்து கட்டம் வரைந்தேன். "கால் நனையுறது எப்போதாவதா சார், சில சமயமா, அடிக்கடியா, எப்போதுமா?"

அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என் பச்சை வில்லையைப் பார்த்தார். நான் அதை வேண்டுமென்றே குத்திக்கொண்டு போயிருந்தேன்.

"எப்போதும்," என்றார், குரலே எழும்பாமல்.

டிக் போட்டேன். "நல்லது சார். ரெண்டு வாரம் கழிச்சு வந்து இதையே மறுபடி கேப்பேன். ரெண்டு பதிலும் ஒண்ணா இருந்தா எழுதித் தர்றேன். அதுவரைக்கும் குழாயை யாரும் தொடாமப் பாத்துக்குங்க. தண்ணி வடிஞ்சுட்டா உங்க பதில் மாறிடும்."

கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் யாரோ பின்னால் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். கேள்விக்காரம்மா. கண் கலங்கியிருந்தது. தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்திருக்க வேண்டும், அப்போதுதான் சொல்லி முடித்து வாயை மூடினார். அவர் நின்றது என் வலது பக்கம். மறுபடி சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை.